சிறு டிராக்டரின் பின்சக்கர இடைவெளி: பத்து சென்டிமீட்டரின் கணக்கு

சாலையோரப் புல்வெளியில் டிராக்டர் வெட்டிவிட்டுப் போன தடத்தைச் சற்றுக் குனிந்து பார்த்தால், சில இடங்களில் ஒன்று தென்படும். வெட்டிய ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குப் புல் படுத்துக் கிடக்கும், நுனி வெட்டுப்பட்டிருக்காது. மறுநாள் வெயில் ஏறியதும் அதே புல் நிமிர்ந்து பச்சைக் கோடாக நிற்கும். கத்தி மழுங்கிவிட்டது என்பார் மேற்பார்வையாளர். கத்தியைத் தீட்டி மாட்டிய பிறகும் கோடு மறையாவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் பின்சக்கரம். புல்வெட்டியின் அகலத்தைத் தாண்டி டயர் வெளியே ஓடும்போது, அடுத்த சுற்றில் வெட்ட வேண்டிய புல்லை இந்தச் சுற்றிலேயே அது மிதித்துப் படுக்க வைத்துவிடுகிறது.

அதே டிராக்டரைச் சரிவான கால்வாய்க் கரைக்குக் கொண்டுபோனால் நிலைமை தலைகீழ். அங்கே சக்கரங்கள் இன்னும் அகன்று நிற்கக்கூடாதா என்றுதான் ஓட்டுநர் ஏங்குவார். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் அளவு: பின்சக்கர இடைவெளி. கப்பலில் இடம் மிச்சமாகும் என்பதற்காகச் சக்கரங்களைக் குறுகிய நிலையில் வைத்து அனுப்புவது டிராக்டர் வணிகத்தில் சாதாரணம். வந்து இறங்கிய வண்டி அப்படியே வேலைக்குப் போகிறது. பல வண்டிகள் அதே அளவிலேயே முதுமை அடைகின்றன. இந்த அளவைத் தீர்மானிக்க வேண்டியது வேலையின் தன்மை. விற்பனைக் கிடங்கோ கப்பல் பெட்டியோ அதைத் தீர்மானிக்க விடுவது அபத்தம் என்பது என் கட்சி.

முதலில் அளப்பது எப்படி என்று பார்த்துவிடலாம். இடது டயரின் நடுக்கோட்டிலிருந்து வலது டயரின் நடுக்கோடு வரை உள்ள தூரமே இடைவெளி. நடுக்கோட்டைக் கண்ணால் கணிக்கப் போனால் ஆளுக்கு ஓர் அளவு வரும். இடது டயரின் வெளி விளிம்பில் தொடங்கி வலது டயரின் உள் விளிம்பு வரை அளந்தால் போதும். இரு டயரும் ஒரே அகலம் என்பதால் அந்த எண் நடுக்கோட்டு இடைவெளியாகவே அமையும். அதனுடன் ஒரு டயரின் அகலத்தைக் கூட்டினால் வண்டியின் மொத்தப் பின்னகலம் கிடைக்கும். இரண்டு எண்ணும் வேண்டும்: சாய்வுக் கணக்குக்கு முதலாவது, புல்வெட்டிக்கும் லாரிக்கும் இரண்டாவது.

சிங்கப்பூரின் நிலப்பரப்பில் வேளாண்மைக்கு இருப்பது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். லிம் சூ காங், கிராஞ்சி, சுங்கை தெங்கா பக்கம் உள்ள பண்ணைகளை விட்டால், இங்கே சிறு டிராக்டருக்குப் பெரும்பாலும் புல்தான் பிழைப்பு: சாலையோரம், திடல், பூங்கா, கோல்ஃப் மைதானம். ஓட்டுநர் இருக்கையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியரைப் பார்ப்பது இங்கே அபூர்வம் இல்லை. அவர்களில் பலருக்கு ஊரில் நிலம் இருக்கிறது. சிலர் இங்கே சேர்த்த பணத்தில் அங்கே ஒரு சிறு டிராக்டரும் வாங்கிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நிற்கும்போது ஊரிலிருந்து தொலைபேசியில் வரும் கேள்வி இப்படி இருக்கும்: “அண்ணா, சக்கரத்தை உள்ளே தள்ளட்டுமா, வெளியே தள்ளட்டுமா?” விவரம் தெரிந்த அண்ணன் திருப்பிக் கேட்பார்: “பாருக்குப் பார் எத்தனை அடி என்று முதலில் சொல், தம்பி.” பார் என்றால் பயிர் வரிசை. அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன். முதலில் இங்குள்ள சரிவு.

டிராக்டருக்கு நான்கு சக்கரம் இருப்பதால் அது நான்கு காலில் நிற்கிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது மூன்று புள்ளியில்தான் நிற்கிறது. முன் அச்சு நடுவில் ஒரு முளையில் தொங்குகிறது. மேடு பள்ளத்துக்கு ஏற்ப இருபுறமும் ஆடுவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே பக்கவாட்டில் சாயும் டிராக்டரை, முன்சக்கரங்கள் எவ்வளவு அகன்றிருந்தாலும், அவை தொடக்கத்தில் தாங்குவதில்லை. இரண்டு பின்சக்கரங்கள், முன் அச்சின் நடு முளை ஆகிய மூன்றையும் இணைக்கும் முக்கோணத்துக்குள் வண்டியின் எடை மையம் இருக்கும் வரை அது நிற்கும். மையம் அந்தக் கோட்டைத் தாண்டிய கணத்தில் கவிழத் தொடங்கும். முன் அச்சு தன் ஆட்டத்தின் எல்லையில் போய் முட்டுவதற்குள் காரியம் பெரும்பாலும் முடிந்திருக்கும். காரோட்டிப் பழகியவர்கள் டிராக்டரில் ஏறும்போது ஏமாறுவது இங்கேதான்.

தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். எடை மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில், பின் அச்சிலிருந்து, இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரத்தின் மூன்றில் ஒரு பங்கு முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்சக்கர இடைவெளி 100 சென்டிமீட்டர். முக்கோணம் முன்னால் போகப் போகக் குறுகுவதால், எடை மையம் இருக்கும் இடத்தில் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது 50 அல்ல, 33 சென்டிமீட்டர்தான். அசையாமல் நிற்கும் வண்டி கவிழும் சாய்வு சுமார் 29 பாகை. இடைவெளியை 120 ஆக்கினால் அது சுமார் 34 பாகை ஆகிறது. முன் முளை தரைக்குச் சற்று மேலே இருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் கணக்கில் சேராதவை வேறு பல உண்டு, அவையெல்லாம் எதிர்ப்பக்கமே சாய்கின்றன.

மூன்றடிக்கு ஓரடி ஏறும் சரிவு 18 பாகை. 29க்கு இன்னும் நிறைய தூரம் இருக்கிறதே என்று தோன்றும். அந்தச் சரிவில் குறுக்காக ஓடும்போது கீழ்ப்பக்கச் சக்கரம் 10 சென்டிமீட்டர் பள்ளத்தில் இறங்கினால், 100 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள வண்டி மேலும் கிட்டத்தட்ட 6 பாகை சாய்ந்துவிடுகிறது. ஆக 24. மேல்பக்கச் சக்கரம் அதே நேரத்தில் ஒரு வேர் மீது ஏறினால் இன்னும் சில பாகை. சரிவில் மேல்நோக்கி வண்டியை ஒடித்துத் திருப்பினால் திருப்பத்தின் வேகமும் கீழ்ப்பக்கமே தள்ளும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரி 2,113 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. டிசம்பர், ஜனவரியில் கரை மண் ஊறிக் கிடக்கும்போது கீழ்ப்பக்கச் சக்கரம் அமிழ்வதற்குப் பள்ளமே தேவையில்லை. அமர்ந்து ஓட்டும் புல்வெட்டிகளுக்குத் தயாரிப்பாளர்கள் பலர் 15 பாகையை எல்லையாகச் சொல்வது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றாது. இரண்டடிக்கு ஓரடி ஏறும் சரிவு என்றால் 26 பாகைக்கும் மேல். அங்கே எந்த இடைவெளியில் வைத்தாலும் இந்த வகை டிராக்டருக்கு வேலை இல்லை. கைவெட்டியோ தொலைவிலிருந்து இயக்கும் இயந்திரமோதான் போக வேண்டும்.

இடைவெளியைக் கூட்டுவதில் இரட்டை லாபம் இருப்பதையும் கவனிக்கலாம். கவிழும் கோணம் உயர்கிறது. அதே 10 சென்டிமீட்டர் பள்ளம் தரும் சாய்வும் 6 பாகையிலிருந்து 5க்குக் குறைகிறது. ஆனாலும், வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இருக்கை வாருக்கும் அகலம் மாற்று ஆகாது. இங்கே ஒரு கெட்ட பழக்கம் வளர்ந்திருக்கிறது. தூங்குமூஞ்சி மரக் கிளைகளுக்கு அடியில் நுழைவதற்காக மடக்கு வகைச் சட்டத்தைக் கீழே மடக்குகிறார்கள், மரத்தைத் தாண்டிய பிறகு நிமிர்த்த மறந்துவிடுகிறார்கள். சட்டம் நிமிர்ந்திருக்கும்போது வார் கட்டாயம். மடக்கியிருக்கும்போது வார் போடக்கூடாது. மடக்கிய சட்டத்தோடு சரிவில் ஓட்டவே கூடாது.

அப்படியானால் எல்லா வண்டியையும் அகலப்படுத்திவிடலாமே? இங்கேதான் புல்வெட்டி குறுக்கே நிற்கிறது. ஐந்தடிப் புல்வெட்டியின் வெட்டகலம் சுமார் 152 சென்டிமீட்டர். இடைவெளி 110, டயர் அகலம் 30 என்றால் மொத்தப் பின்னகலம் 140. இருபுறமும் 6 சென்டிமீட்டர் வெட்டிக்குள் அடங்குகிறது. இடைவெளியை 120 ஆக்கினால் மொத்தம் 150. பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் மிச்சம். வளைவில் அதுவும் போய்விடும், பச்சைக் கோடு வந்துவிடும். சரிவுக்காக அகலப்படுத்த விரும்புகிறவர் ஆறடி வெட்டியையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அதை இழுக்க இயந்திரத்துக்குத் தெம்பு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. லாரியும் ஒரு தடை. பெரும்பாலான வண்டிகள் ஒரு வேலையிடத்திலிருந்து இன்னொன்றுக்கு லாரியில்தான் போகின்றன; லாரித் தட்டின் உள்ளகலத்துக்குள் டயர் அடங்காவிட்டால் மற்றக் கணக்கெல்லாம் வீண். ஆகையால் பிடிவாதமாக ஒரே அளவைச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சமதளத் திடல் வெட்டும் வண்டி குறுகலாகவே இருக்கட்டும். கரையும் மேம்பாலச் சரிவும் வெட்டும் வண்டி, லாரியும் வெட்டியும் இடம் கொடுக்கும் வரை அகன்று நிற்கட்டும். இரண்டு வேலைக்கும் ஒரே வண்டி என்றால் சரிவுதான் ஜெயிக்க வேண்டும். பச்சைக் கோட்டை மறுபடி வெட்டிக்கொள்ளலாம்.

இனி, அகலம் எப்படி மாறுகிறது என்பது. பின்சக்கரத்தில் டயரைத் தாங்கும் ரிம்மும் அச்சில் பூட்டும் டிஸ்க்கும் தனித்தனித் துண்டாக இருக்கும் வகையே வசதியானது. டிஸ்க் தட்டையாக இருக்காது, ஒரு பக்கம் குழிந்திருக்கும். ரிம்மின் உட்புறம் பற்றவைத்த காதுகளும் நட்ட நடுவில் இருக்காது, ஓரமாக ஒதுங்கியிருக்கும். டிஸ்க்கின் குழி உள்நோக்கியா வெளிநோக்கியா, ரிம்மின் காது எந்தப் பக்கம், டிஸ்க் அந்தக் காதின் உள்முகத்திலா வெளிமுகத்திலா: மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடை, மொத்தம் எட்டு நிலை. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாரான ஃபெர்குசன் டிஇ20 டிராக்டர் இதற்கு அழகான உதாரணம். ரிம்மையும் டிஸ்க்கையும் மாற்றி மாற்றிப் பூட்டியே 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை, 4 அங்குலப் படிகளில் அதன் இடைவெளியை மாற்ற முடிந்தது. எண்ணிப் பார்த்தால் சரியாக எட்டு. அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1948இல் கொண்டுவந்த டபிள்யூடி மாடலில் இன்னொரு வழி இருந்தது. ரிம்மின் உள்ளே சாய்வாக ஓடும் தண்டவாளங்கள். பூட்டைத் தளர்த்தி இயந்திர விசையாலேயே சக்கரத்தை உள்ளும் வெளியும் நகர்த்தலாம். பெரிய வயல் டிராக்டர்களில் நீண்ட அச்சுத்தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சக்கரத்தை அதன் மேலேயே தள்ளிப் பூட்டுவார்கள். சிறு டிராக்டருக்கு இந்த ஆடம்பரங்கள் அநேகமாகக் கிடையாது.

சிங்கப்பூரில் புல்வெளிக்கு ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது அகன்ற புல்வெளி டயர் அல்லது கட்டையான தொழில்துறை டயர். இவற்றுக்கு ரிம்மும் டிஸ்க்கும் பற்றவைத்து ஒரே துண்டாக வருவது வழக்கம். எட்டு நிலையெல்லாம் இங்கே இல்லை. குழி உள்ளேயா வெளியேயா என்ற இரண்டு நிலைதான், அதுவும் தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால். உழவு டயர் போட்ட வண்டிகளில்தான் கழற்றிப் பூட்டும் வகை கூடுதலாகக் காணப்படும்.

சக்கரத்தை மாற்றிப் போடும்போது பலரும் தடுமாறுவது டயரின் பட்டைத் திசையில். உழவு டயரின் தடித்த பட்டைகளைப் பின்னால் நின்று பார்த்தால் கூரை முகடு போல நடுவில் மேல்நோக்கிக் கூம்பியிருக்க வேண்டும். அப்போதுதான் உருளும்போது கூம்பின் முனை முதலில் மண்ணைத் தொட்டு, சேற்றை இருபுறமும் தள்ளிவிடும். இடது சக்கரத்தைக் கழற்றி அதே பக்கத்தில் உள்முகம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டால் அகலம் மாறும், ஆனால் பட்டை தலைகீழாகிவிடும். சேறு டயரிலேயே அப்பிக்கொள்ளும், இழுவை போய்விடும். சரியான வழி, இடது சக்கரத்தை முகம் திருப்பாமல் அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி வலப்பக்கம் கொண்டுபோய்ப் பூட்டுவது. வண்டியைப் பார்த்திருந்த உள்முகம் இப்போது வெளியே பார்க்கும், குழியின் திசை மாறும், பட்டை கெடாது. வலது சக்கரமும் அவ்வாறே இடப்பக்கம் வரும். நட்டு உட்காரும் துளை சரிந்த வாயுள்ளதா தட்டையானதா, திருப்பிய பிறகும் நட்டு முழுமையாக அமர்கிறதா என்பதைக் கவனிக்காமல் இறுக்கினால், சில வாரங்களில் துளை அகன்று டிஸ்க் பாழாகும்.

இதெல்லாம் முடியாத வண்டிகளுக்கு ஸ்பேசர் என்று ஒரு குறுக்குவழி விற்கிறார்கள். அச்சு முகத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைத்துப் பூட்டும் தடித்த இரும்பு வளையம். தயாரிப்பாளரே தரும் ஸ்பேசர் என்றால் எதிர்ப்பில்லை. பட்டறையில் கடைந்து தருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சக்கரத்தின் நடுக்கோடு அச்சின் வெளித் தாங்கியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது, ஸ்பேசர் அதை 20 ஆக்கியது என்றால், அச்சை வளைக்கும் திருப்புவிசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பேரிங்கும் சீலும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. குழியைத் திருப்பினாலும் இதே விசை கூடத்தான் செய்யும். ஆனால் அந்த எல்லையைத் தயாரிப்பாளர் கணக்கிட்டு மேனுவலில் அச்சிட்டிருக்கிறார். சரிவில் தைரியம் வேண்டுமென்றால் பின் டயரில் தண்ணீர் நிரப்புவது இதைவிட நல்ல உபாயம். எடை தாழ்வாக அமையும், அச்சின் மீது ஏறாமல் டயர் வழியே நேரே தரைக்குப் போகும். குளிர் நாடுகளில் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். நமக்கு வெறும் தண்ணீரே போதும்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வரலாம். வரிசைப் பயிரில் சக்கரம் வரிசைகளுக்கு நடுவே உள்ள இடத்தில்தான் ஓட வேண்டும். ஆகவே இடைவெளி, வரிசை அகலத்தின் ஒரு மடங்காகவோ இரு மடங்காகவோ இருக்க வேண்டும். மக்காச்சோளம் 60 சென்டிமீட்டர் வரிசை என்றால் இடைவெளி 120. வண்டியின் வயிற்றுக்கு அடியில் இரண்டு வரிசை போகும். சிறு டிராக்டர்களில் பரவலாக வரும் 8.3 அங்குல டயர் சுமார் 21 சென்டிமீட்டர் அகலம். சக்கரத்துக்கு இருபுறமும் பயிருக்கு 19 சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும், களை எடுக்கத் தாராளம். அதே வயலில் 100இல் வைத்து ஓட்டினால் ஒவ்வொரு சக்கரமும் 10 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஓடும். ஒரு பக்கம் மிஞ்சுவது 9 சென்டிமீட்டர்தான். கொஞ்சம் ஸ்டீயரிங் ஆடினால் வரிசையே போய்விடும்.

கரும்பில் கணக்கு வேறு திசையில் போகிறது. மூன்றடிப் பாரில், அதாவது 90 சென்டிமீட்டரில், பயிர் சிறிதாக இருக்கும் வரை ஒரு வரிசையைக் கவட்டிக்கொண்டு ஓட்டலாம். வளர்ந்த பிறகு வண்டியின் வயிறு இடிக்கும். ஐந்தடிப் பாரில் வண்டியே பாருக்கு நடுவில் நுழைந்து மண் அணைக்கலாம். அங்கே வேண்டியது ஆகக் குறுகிய நிலை. மொத்தப் பின்னகலம் 110 என்றால் இருபுறமும் 20 சென்டிமீட்டர் கிடைக்கும். ஆனால் அந்தக் குறுகிய வண்டியோடு வரப்பு ஏறி இறங்கும்போது மேலே சொன்ன முக்கோணம் நினைவில் இருக்க வேண்டும். கரும்புக்காகக் குறுக்கிய வண்டியில் அப்படியே டிரெய்லரை மாட்டி ஆலைக்குக் கிளம்புவதை ஊரில் சாதாரணமாகச் செய்கிறார்கள். ரொட்டவேட்டருக்கு விதி எளிது: அது ஓட்டும் அகலம் பின் டயர்களின் வெளி விளிம்புகளை மூட வேண்டும், இல்லாவிட்டால் மிதித்த தடம் கெட்டியாகவே நிற்கும்.

நான்கு சக்கர இழுவை வண்டியில் பின்னால் அகலப்படுத்தும்போது முன்னாலும் அதேபோலத் திருப்பிப் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இந்த வகைச் சிறு வண்டிகளில் முன் டிஸ்க்கைத் திருப்பக்கூடாது என்று மேனுவல்கள் வெளிப்படையாகவே தடுக்கின்றன. திருப்பினால் முன் அச்சின் பற்சக்கரப் பெட்டிதான் அடிவாங்கும். பின் தடமும் முன் தடமும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் நான்கு தடம் பதியும் என்பது உண்மை. ஈரத் திடலில் அது அழகாக இருக்காது, சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வேலையைச் செய்யும் இடம் கான்கிரீட் தளமாக இருக்கட்டும். புல்தரையில் ஜாக் வைத்தால் அது மண்ணுக்குள் இறங்கும். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தாகிவிட்டது என்று நிறுத்திவிடாமல், முன் அச்சுக்கும் சட்டகத்துக்கும் நடுவே இருபுறமும் மர ஆப்பு அடிக்க வேண்டும். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கும்போது வண்டி முன் முளையைச் சுற்றிச் சாயாமல் தடுப்பது அந்த ஆப்புதான். ஜாக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்டு. தண்ணீர் நிரப்பிய சக்கரத்தை இரண்டு பேர் சேர்ந்து கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கக்கூடாது. சாய்ந்தால் காலை நசுக்கிவிடும், சக்கரத் தள்ளுவண்டி வேண்டும். கழற்றிய டயரை வெளியே மல்லாக்கப் போட்டு வைத்தால் ஒரே மழையில் நீர் தேங்கும். ஏடிஸ் கொசுவுக்கு இடம் கொடுத்ததற்காக அபராதம் கட்ட நேரும்.

குறுகிய நிலையில் பூட்டியிருந்தால், டயரின் உட்புறம் மட்கார்டையும் பின்கருவியைத் தூக்கும் லிஃப்ட் கைகளையும் உரசுகிறதா என்று கருவியை இருபுறமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். போல்ட்டுகளை மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒருமுறை இறுக்கியதோடு வேலை முடியாது. டிராக்டர் தயாரிப்பாளரான கூபோட்டாவின் மேனுவல்கள், 200 மீட்டர் ஓட்டி, மெதுவாக முன்னும் பின்னும் பத்து முறை நகர்த்திய பிறகு மறுபடி இறுக்கத்தைச் சோதிக்கச் சொல்கின்றன. அமர வேண்டிய துருவும் பெயின்ட்டும் அந்த ஓட்டத்தில்தான் அமரும்.

2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கும் இடர் மதிப்பீட்டில் வண்டியின் அகலம் குறிக்கப்பட்டிருந்தால் அதையும் திருத்த வேண்டும். அன்றைக்கே லாரி ஓட்டுநரிடமும் சொல்லிவிட வேண்டும். ஏற்றுப் பலகைகளைப் பழைய அகலத்துக்குப் போட்டே அவர் கை பழகியிருக்கும்.